கோரைமுடி மேல் வந்த ஆசை

ஒகேனக்கல்லுக்குப் போகிறவர்களுக்கு அருவியின் இரைச்சலோடு சேர்ந்தே எண்ணெய் வாசனையும் வந்துவிடும். பரிசல் துறைக்கும் அருவிக்கும் இடைப்பட்ட பாறைகளில் மசாஜ் தொழிலாளிகள் எண்ணெய்ப் பாட்டிலோடு நிற்பார்கள். ஆளை உட்காரவைத்து, உச்சந்தலையில் எண்ணெயைக் கொட்டி, இரு கையாலும் தாளம் போல் தட்டித் தேய்ப்பார்கள். அரை மணி நேரம் கழித்து அந்த ஆள் பளபளவென்று எழுந்து காவிரிக்குள் போய் நிற்பார். தருமபுரி மாவட்டத்துக்கு வெளியூர்க்காரர்கள் வருவதற்கு அருவி ஒரு காரணம் என்றால், இந்த எண்ணெய்க் குளியல் இன்னொரு காரணம்.

இங்கே பாறைமேல் காசுக்கு நடப்பது, ஒரு காலத்தில் வீட்டுக்கு வீடு காசில்லாமல் நடந்ததுதான். ஆண்களுக்குச் சனியும் புதனும், பெண்களுக்கு வெள்ளியும் செவ்வாயும். நல்லெண்ணெய், இல்லாவிட்டால் விளக்கெண்ணெய். தருமபுரி, சேலம் பக்கத்து மேட்டுக்காட்டில் ஆமணக்கு விளைந்ததால் விளக்கெண்ணெய்க்குப் பஞ்சமில்லை. அது கனமான எண்ணெய். எப்பேர்ப்பட்ட நெளிமுடியையும் தன் பாரத்தாலேயே அமர்த்திவிடும். அதற்கு மேல் சீப்பை ஓட்டி, காதோரம் ஒரு மயிர்கூடப் பறக்காமல் வாரிப் பின்னிவிடுவார்கள். ‘படிய வாருவது’ என்று அதற்குப் பெயர். பள்ளிக்கூடத்துப் பெண்பிள்ளைகளின் இரட்டைச் சடையும் ரிப்பனும் அந்தப் படிய வாருதலின் மிச்சம். முடியை நேராக்குவது என்றால் இந்த ஊரில் நெடுங்காலம் அவ்வளவுதான். அடுத்த தலைக்குளியலோடு பழைய நெளிவு திரும்பிவிடும். அதைக் குறையென்று யாரும் எண்ணியதில்லை.

எண்ணிப் பார்த்தால், முடி சம்பந்தமான பழைய கருவிகளில் எதுவுமே நேராக்குவதற்கானது அல்ல. மரச்சீப்பு வாருவதற்கு. நெருக்கமான பல் கொண்ட பேன்சீப்பு பேனுக்கு. ஈர்வலி ஈருக்கு. சிக்குவாரி சிக்குக்கு. நீளம் போதாதவர்களுக்குச் சவரி இருந்தது. உதிர்ந்த முடியைச் சேர்த்துக் கட்டிய பொய்ச்சடை அது. அந்த உதிர்ந்த முடிக்கும் விலை உண்டு என்பதால் சுவரிடுக்கில் சுருட்டிச் செருகி வைப்பார்கள். முடி வாங்க வருகிறவர் எடைபோட்டுப் பாத்திரமோ வளையலோ கொடுப்பார். சிக்கு எடுக்கும் வேலை பொறுமையின் வேலை. திண்ணையில் மூன்று தலைமுறைப் பெண்கள் படி வரிசையில் உட்கார்ந்து ஒருவர் தலையை ஒருவர் பார்த்த காட்சியை ஐம்பது வயதைத் தாண்டிய எவரும் கண்டிருப்பார்கள்.

நெளிவைக் குறையாக நினைக்காததற்கு வேர் ஆழமானது. சங்கப் புலவர்கள் கூந்தலுக்குச் சொன்ன உவமைகளில் முதன்மையானது அறல். ஓடும் நீர் ஆற்றுப் படுகையில் வரிவரியாக விட்டுச் செல்லும் கருமணலே அறல். கோடையில் தண்ணீர் வடிந்தபின் காவிரியிலும் தென்பெண்ணையிலும் இன்றைக்கும் அதைப் பார்க்கலாம். அலைமேல் அலையாக நெளிந்து கிடக்கும் அந்த மணலைப் பார்த்தவனுக்குத்தான் காதலியின் கூந்தல் நினைவுக்கு வந்தது. கூந்தலுக்கு ‘ஐம்பால்’ என்று பெயர் வந்ததற்கு உரையாசிரியர்கள் சொல்லும் விளக்கம் ஐந்து வகை ஒப்பனை: குழல், கொண்டை, சுருள், பனிச்சை, முடி. ஐந்தில் ஒன்று வெளிப்படையாகவே சுருள்; நேராகத் தொங்கவிடுவது அந்தப் பட்டியலில் இல்லை. ஆண்களும் முடியை வளர்த்துக் கட்டியவர்களே. தருமபுரியின் பழைய பெயரான தகடூர் நாடெங்கும் கிடைத்த நடுகற்களில் சில இன்று தருமபுரி அரசு அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. வில்லும் வாளுமாகப் பாய்கிற அந்த வீரர்களின் கொண்டையைச் சிற்பி மறக்காமல் செதுக்கியிருக்கிறான்.

‘சுருட்டை முடி சோறு போடும்’ என்பது ஊர் வழக்கு. நேராக, விறைப்பாக நிற்கும் முடிக்கு வைத்த பெயரோ கோரைமுடி. வயலில் முளைக்கும் களை கோரை. அந்தப் பெயரில் புகழ்ச்சி இருப்பதாகச் சொல்ல முடியாது. அதே கோரைமுடிக்காக இன்று ஆயிரக்கணக்கில் பணம் கட்டி, ஐந்தாறு மணி நேரம் நாற்காலியில் உட்காருகிறார்கள். நடுவில் என்ன நடந்தது?

முதலில் தண்ணீரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். 1965 அக்டோபர் 2 அன்று சேலத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமான தருமபுரி, அன்றிலிருந்து இன்றுவரை தண்ணீருக்கு அலைந்த மாவட்டம். கிணறு வற்றி, ஆழ்துளை வந்து, நூற்றுக்கணக்கான அடிக்குக் கீழே பாறையைக் குடைந்து எடுத்த நீரில் ஃபுளோரைடு இருந்தது. பல்லில் பழுப்புக் கறையும் எலும்பில் வளைவும் வந்ததால் அது ஊரறிந்த துன்பமாயிற்று. அந்த நீரின் கடினத்தன்மையைப் பற்றி யாரும் அவ்வளவாகப் பேசவில்லை. கால்சியமும் மக்னீசியமும் மிகுந்த நீரில் சோப்பு நுரைக்காது. நுரைக்கு மாறாக வெள்ளைப் பிசுக்காகத் திரிந்து முடிமேல் படியும். காய்ந்ததும் முடி சொரசொரக்கும், சீப்புக்கு அடங்காது, சிக்கு விழும். தேங்காய் நார் மாதிரி இருக்கிறது என்பார்கள்.

அரப்பின் அருமை இங்கேதான் விளங்குகிறது. மேற்குத் தமிழ்நாட்டு வறண்ட காடுகளில் தானாக வளரும் ஒரு மரத்தின் இலைப்பொடிதான் அரப்பு. தெற்கே அந்த மரத்தை உசிலை என்பார்கள். இலையைப் பறித்து நிழலில் உலர்த்தி இடித்தால் பச்சைப் பொடி. சீயக்காய் காட்டிலிருந்து வரும் காய். இரண்டிலும் அழுக்கை எடுப்பது சாப்போனின் என்ற இயற்கை நுரைப்பொருள். அது கால்சியத்தோடு சேர்ந்து சோப்பைப் போலப் பிசுக்காகத் திரிவதில்லை. சீயக்காய்க்கு மெல்லிய புளிப்பும் உண்டு. முடியின் மேல்செதில்களை அது மூடிப் படியவைக்கும். காரமான சோப்பு அவற்றைத் திறந்துவிடும். அரப்பைச் சோறு வடித்த கஞ்சியில் கரைத்துத் தேய்த்த கிழவிக்கு வேதியியல் தெரியாது. கஞ்சியிலிருந்த மாவுச்சத்து முடிமேல் மெல்லிய பூச்சாகப் படிந்து வழுவழுப்பைக் கொடுத்தது அவளுக்குக் கைக்குத் தெரிந்தது. கடின நீருக்கு ஏற்ற தலைக்குளியலை இந்த வறண்ட நாடு தானாகவே கண்டுபிடித்து வைத்திருந்தது. அதற்குரிய மதிப்பை நாம் கொடுக்கவில்லை.

அரப்பை ஓரங்கட்டியது சாஷே. அந்தக் கதை தமிழ்நாட்டின் கதை. கடலூரைச் சேர்ந்த சின்னிகிருஷ்ணன் என்பவர் ஷாம்புவைச் சிறு பொட்டலத்தில் அடைத்து விற்க வழி கண்டார். அவர் மகன் சி. கே. ரங்கநாதன் 1983இல் 15,000 ரூபாய் முதலோடு தனியாகப் பிரிந்து, அப்பாவின் பெயரையொட்டி ‘சிக்’ ஷாம்புவைத் தொடங்கினார். அவருடைய ஆட்கள் ஊர் ஊராகப் போய், கூட்டத்துக்கு நடுவில் ஒரு பையனைப் பிடித்து அவன் தலைக்கு ஷாம்பு போட்டு அலசி, முடியைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார்கள். பாட்டில் வாங்க முடியாத வீடுகளுக்கு ஒரு ரூபாய், பிறகு ஐம்பது பைசாப் பொட்டலம். இடிக்க வேண்டாம், சலிக்க வேண்டாம், கண் எரிச்சலும் குறைவு. விடியலில் வேலைக்கு ஓடுகிற பெண்ணுக்கு அது உண்மையான விடுதலை. ஆனால் அதோடு வாராந்தர எண்ணெயும் கஞ்சியும் போயின. எண்ணெய் இல்லாத தலையில் உப்பு நீர் பட்டு, வெயிலில் வறண்ட முடி பறக்கத் தொடங்கியது. பழி தண்ணீர்மேல் விழவில்லை, முடியின் மேல் விழுந்தது.

அந்தப் பழிக்கு மருந்தாக வந்த கருவி பிறந்த இடம் வேறு. அது பிறந்த காரணமும் வேறு.

1872 வாக்கில் பாரிஸில் மார்செல் க்ராத்தோ என்ற முடி ஒப்பனைக்காரர் சூடேற்றிய இடுக்கியால் பெண்களின் தலையில் அலை அலையாக நெளி வைத்துப் பேர் வாங்கினார். அட்லாண்டிக்குக்கு அப்பால் அதே சூட்டு இரும்பு நெளியை எடுக்கப் பயன்பட்டது. அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட ஆப்பிரிக்க அமெரிக்கர்களுக்கு வேலையும் மரியாதையும் கிடைக்க, வெள்ளையரைப் போன்ற முடி ஒரு நுழைவுச்சீட்டாக இருந்தது. அடுப்பில் காய்ச்சிய இரும்புச் சீப்பை நெற்றியோரம் கொண்டுவரும்போது சிறுமிகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு காதை மடக்கிக்கொள்வார்கள். அந்தச் சீப்பை வீட்டுக்கு வீடு பரப்பியவர்களில் பெயர்பெற்றவர் மேடம் சி. ஜே. வாக்கர். அடிமைகளாக இருந்த பெற்றோருக்கு 1867இல் பிறந்து, துணி வெளுத்துப் பிழைத்து, முடிப் பராமரிப்புத் தொழிலில் செல்வம் சேர்த்து, ஆயிரக்கணக்கான கறுப்பினப் பெண்களுக்கு வருமானம் ஏற்படுத்திய பெண்மணி. சீப்பைக் கண்டுபிடித்தவர் அவர் என்பது பரவலான தவறு. அவருக்கு முன்பே அது புழக்கத்தில் இருந்தது.

இரு தகடுகளுக்கு நடுவே முடியை அழுத்தும் கருவிக்கு 1909இல் ஐசக் ஷீரோ என்பவர் காப்புரிமை பெற்றார். இன்றைய அயர்னின் முன்னோடிகளில் அது ஒன்று. இரசாயனத்தின் வரவு தற்செயலானது. க்ளீவ்லாந்தில் தையல் இயந்திரங்களைப் பழுதுபார்த்துவந்த காரெட் மார்கன், ஊசி சூடேறாமலிருக்க ஒரு மெருகுநீரைச் செய்துகொண்டிருந்தார். கையிலிருந்ததைத் துணியில் துடைத்தபோது அதன் நூல்முடிகள் நேராகிக் கிடந்தன. பக்கத்து வீட்டு நாயின் மேல் பூசிப் பார்த்து, பிறகு தன் தலையிலும் பூசி, 1913இல் அதை விற்க ஆரம்பித்தார். புகை முகமூடிக்கும் போக்குவரத்துச் சைகைக்கும் பின்னாளில் காப்புரிமை வாங்கியவரும் அவரே.

அடுத்து வந்தது கடுங்காரம். காஸ்டிக் சோடாவை முட்டையோடும் உருளைக்கிழங்கோடும் குழைத்துத் தலையில் பூசுவார்கள். கறுப்பின உரிமைத் தலைவர் மால்கம் எக்ஸ் தன் இளமையில் பாஸ்டனில் நண்பன் கையால் அப்படிப் பூசிக்கொண்டு, தலை தீப்பற்றியது போல் எரிந்ததையும், கண்ணாடியில் பார்த்துப் பூரித்ததையும், பின்னாளில் அதை நினைத்துக் கூசியதையும் 1965இல் வெளிவந்த தன்வரலாற்றில் விரிவாகச் சொல்லியிருக்கிறார். அந்த எரிச்சலின் பின்னால் ஒரு சமூகத்தின் எரிச்சல் இருந்தது. தென்னாப்பிரிக்காவில் நிறவெறி ஆட்சி நடந்தபோது ஒருவரை எந்த இனத்தில் சேர்ப்பது என்று ஐயம் வந்தால் முடிக்குள் பென்சிலைச் செருகிப் பார்த்தார்கள். பென்சில் விழுந்தால் ஒரு வாழ்வு, சிக்கிக்கொண்டால் வேறு வாழ்வு. கலிபோர்னியா மாநிலம் முடியின் இயல்பை வைத்து வேலையிடத்திலும் பள்ளியிலும் பாகுபாடு காட்டக் கூடாது என்று சட்டம் இயற்றியது 2019இல்தான்.

இந்த வரலாறு எதையும் சொல்லாமல், பொருள் மட்டும் இந்தியாவுக்கு வந்து சேர்ந்தது. 1970, 80களில் தமிழ் இளைஞர்கள் காதை மூடும் பம்பைத் தலையோடும் பங்க்கோடும் திரிந்தார்கள். அப்போதும் நெளிவுக்கு மதிப்பிருந்தது. பிறகு விளம்பரங்களில் ஒரே மாதிரியான தலை வரத் தொடங்கியது: முதுகில் கண்ணாடித் தகடு போல விழுந்து, ஒரு ஆட்டத்தில் விசிறியாக விரியும் முடி. ஜப்பானில் 1990களில் பரவிய வெப்பமுறை நேராக்கம் 2000க்குப் பிறகு இங்கே ‘ரீபாண்டிங்’ ஆனது. அதன் இளைய சகோதரி ‘ஸ்மூத்தனிங்’. பிரேசிலிலிருந்து ‘கெரட்டின்’ வந்தது. தருமபுரிக்கு இவை வந்த வழியை யூகிப்பது கடினமல்ல. ரயிலிலோ பேருந்திலோ மூன்று நான்கு மணி நேரத்தில் பெங்களூரு. வேலைக்கும் படிப்புக்கும் அங்கேயும் ஓசூரிலும் தங்கும் பிள்ளைகள் பொங்கலுக்கு ஊர் வரும்போது தலையிலேயே செய்தியைக் கொண்டுவந்தார்கள். இன்று தருமபுரி நகரில் மட்டுமல்ல, அரூர், பாலக்கோடு போன்ற ஊர்களிலும் பார்லர் பலகையில் இந்த மூன்று சொற்களும் தமிழெழுத்தில் இருக்கின்றன. கல்யாணப் பெண்ணுக்கான ‘பேக்கேஜில்’ அடக்கம்.

அந்த நாற்காலியில் முடிக்கு என்ன நடக்கிறது? முடி என்பது கெரட்டின் என்ற புரதத்தின் கயிறு. அதன் இழைகளை இருவகைப் பிணைப்புகள் கட்டி வைத்திருக்கின்றன. ஒன்று பலவீனமானது, தண்ணீரிலும் சூட்டிலும் அவிழ்ந்து, காய்ந்ததும் மறுபடி கட்டிக்கொள்ளும். வெறும் அயர்ன் தொடுவது இதை மட்டுமே; அதனால்தான் மழையில் நனைந்தால் பழைய நெளிவு திரும்புகிறது. இன்னொன்று கந்தகப் பிணைப்பு, வலுவானது. சுருட்டை நிலைத்து நிற்பதில் அதற்குப் பெரும்பங்கு. ரீபாண்டிங்கில் தயோகிளைக்கோலேட் என்ற இரசாயனம் அந்தப் பிணைப்பை அறுக்கிறது. கடைக்குள் நுழைந்ததும் வரும் அழுகிய முட்டை நெடி அதனுடையது. பிறகு அலசி, உலர்த்தி, சூட்டுத் தகட்டால் கற்றை கற்றையாக அழுத்தி, ஹைட்ரஜன் பெராக்சைடால் பிணைப்பைப் புது நிலையில் பூட்டுகிறார்கள். மூன்று நாள் தலை நனையக் கூடாது, ரப்பர் பேண்ட் போடக் கூடாது, காதுக்குப் பின்னால்கூடச் செருகக் கூடாது. அறுந்த எல்லாப் பிணைப்பும் திரும்பப் பூட்டிக்கொள்வதில்லை என்பதால் முடி முன்னைவிட பலம் குன்றியே வெளியே வரும். நேரம் தப்பினாலோ, ஏற்கெனவே சாயம் ஏறிய முடியில் செய்தாலோ கொத்தாக முறியும். ஈரம் போகாத முடியை 200 டிகிரித் தகட்டில் வைத்தால் உள்ளே இருக்கும் நீர் ஆவியாகிக் கொப்புளம் எழுப்பும். நுண்ணோக்கியில் அந்த முடி குமிழி குமிழியாகத் தெரியும்.

முடி முறிந்தால் வளரும். உடம்புக்குள் போவதுதான் பெரிய கவலை. பிரேசில் முறையின் சூட்சுமம் ஃபார்மால்டிஹைடு. பிணத்தைக் கெடாமல் வைக்கும் ஃபார்மலின், அந்த வாயுவைத் தண்ணீரில் கரைத்ததுதான். உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் அதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று முதல் பிரிவில் சேர்த்தது. 2010இல் அமெரிக்காவின் ஒரேகான் மாநிலத் தொழிற்பாதுகாப்புத் துறை, ‘ஃபார்மால்டிஹைடு இல்லை’ என்று லேபிள் ஒட்டிய பேர்பெற்ற ஒரு தயாரிப்பைச் சோதித்தபோது, சராசரியாக 8 சதவீதத்துக்கும் மேல் அது இருந்தது. லேபிளை நம்பிக் கண் எரிய வேலை செய்த அழகுக்கலைப் பெண்களின் புகாரிலிருந்தே அந்தச் சோதனை தொடங்கியது.

2022 அக்டோபரில் வந்த இன்னொரு ஆய்வு இன்னும் அழுத்தமானது. 33,497 அமெரிக்கப் பெண்களை ஏறக்குறைய 11 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். நேராக்கும் இரசாயனத்தைத் தொடாத பெண்களில் 70 வயதுக்குள் கருப்பைப் புற்றுநோய் வரக்கூடியவர்கள் 1.64 சதவீதம் என்றும், ஓராண்டில் நான்கு முறைக்கு மேல் பயன்படுத்தியவர்களில் 4.05 சதவீதம் என்றும் கணக்கிட்டார்கள். இரண்டுக்கும் தொடர்பு இருக்கிறது என்பதே இதன் பொருள். இதனால்தான் அது வந்தது என்று இந்த ஆய்வு ஒன்றே நிறுவிவிடாது. ஆனாலும் அலட்சியம் செய்யக்கூடிய எண்ணல்ல. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2023இல் இத்தகைய தயாரிப்புகளில் ஃபார்மால்டிஹைடைத் தடைசெய்யும் திட்டத்தை அறிவித்தது. சொன்ன தேதியில் தடை வரவில்லை.

ஃபார்மால்டிஹைடுக்குக் கெட்ட பேர் வந்ததும் அதன் இடத்தைப் பிடித்தது கிளையாக்சிலிக் அமிலம். 2024இல் பிரெஞ்சு மருத்துவர்கள் 26 வயதுப் பெண் ஒருவரின் கதையை மருத்துவ இதழில் எழுதினார்கள். 2020, 2021, 2022 என மூன்று முறை துனீசியாவில் ஒரே சலூனில் முடியை நேராக்கிக்கொண்டவர். மூன்று முறையும் வாந்தி, காய்ச்சல், முதுகுவலியோடு சிறுநீரகம் பாதிக்கப்பட்டது. பூசிய களிம்பில் 10 சதவீதம் அந்த அமிலம். அதே களிம்பை எலிகளின் முதுகில் பூசியபோது சிறுநீரகத்தில் ஆக்சலேட் படிகங்கள் அடைத்துக்கொண்டன. தோல் வழியாக உள்ளே போனது சிறுநீரகத்தில் கல்லாயிற்று. இஸ்ரேலில் அதற்கு முந்தைய ஆண்டே இதுபோன்ற 26 நோயாளிகளைப் பற்றிய அறிக்கை வந்திருந்தது.

வாடிக்கையாளர் ஆண்டுக்கு ஒருமுறை இந்தப் புகையைச் சுவாசிக்கிறார். பத்துக்குப் பத்து அறையில், ஏ.சி. குளிர் போய்விடக் கூடாது என்று கதவைச் சாத்திக்கொண்டு, இதைத் தினமும் செய்கிற பெண்ணைப் பற்றி யார் கவலைப்படுகிறார்கள்? பெரும்பாலும் இருபதைத் தாண்டிய வயது. ஆறுமாத அழகுக்கலைப் பயிற்சி. குடும்பத்தில் முதல் சம்பாத்தியம். துணி முகக்கவசம் தூசியைத் தடுக்கும், வாயுவைத் தடுக்காது. புகையை வெளியே இழுக்கும் ஒரு எக்ஸாஸ்ட் விசிறியின் விலை, அதே அறையில் ஒரு தலைக்கு வாங்கும் கட்டணத்தைவிடக் குறைவு. திறந்த ஜன்னலும் கையுறையும் இல்லாத கடையில் உட்காராமல் எழுந்துவந்தால் அது அந்தப் பெண்ணுக்கும் சேர்த்துச் செய்த நன்மை.

2013இல் ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர்த் திட்டம், ஜப்பானியக் கடனுதவியோடு, 1,900 கோடி ரூபாய்க்கு மேல் செலவாகி ஓடத் தொடங்கியது. ஃபுளோரைடிலிருந்து பல்லையும் எலும்பையும் காக்க வந்த காவிரி அது. குடிக்கச் சமைக்க அந்த நீர். குளிக்க வீட்டு போர் நீர் என்று பல வீடுகளில் பிரித்துப் புழங்குகிறார்கள். தலைக்குளியல் அன்று கடைசி அலசலுக்கு மட்டும் ஒரு குடம் காவிரி நீரை எடுத்து வைக்கிற வீட்டில், முடியின் சொரசொரப்பு எவ்வளவு தண்ணீரால் வந்தது என்பது இரண்டு மாதத்தில் தெரிந்துவிடும். சந்தைக்கடையில் அரப்புப் பொடி இன்னும் கிடைக்கிறது, ஷாம்புச் சரத்துக்குப் பக்கத்திலேயே.

ஏற்கெனவே நேராக்கிக்கொண்டவர்களுக்கு வேறொரு சிக்கல். இரசாயனம் தொடுவது வெளியே வந்துவிட்ட உயிரற்ற முடியை மட்டுமே. சுருளைத் தீர்மானிக்கும் வேர் தோலுக்குள் அப்படியே இருக்கிறது. மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் என்று புது முடி தன் பழைய நெளிவோடு வெளியே வரும். ஆறு மாதத்தில் மேலே மூன்று விரற்கடை நெளிவு, கீழே தகடு. இரண்டும் சேரும் இடத்தில்தான் முடி அதிகம் முறிகிறது. ‘டச்சப்’ செய்யச் சொல்லிக் கடையிலிருந்து அழைப்பு வருவதும் அப்போதுதான். மறுபடி போகாமல் காத்திருக்கத் துணிந்தால், இடுப்பளவு முடிக்கு ஐந்தாண்டு ஆகும். அதுவரை விரலில் எண்ணெய் தொட்டு, அகலப் பல் சீப்பால் நுனியிலிருந்து மேல்நோக்கிச் சிறிது சிறிதாகச் சிக்கெடுத்து, படிய வாரிப் பின்னிக்கொள்ளலாம். இரட்டைச் சடைக்குள் அந்த எல்லைக்கோடு வெளியே தெரியாது.